வண்டி எடுத்த அன்றைக்குத் தூரம் போகாதீர்கள்

ஏப்ரல் லீவுக்கு வெளிநாட்டில் மோட்டார்ஹோம் எடுத்துச் சுற்றலாமா என்று கேட்டு நம் குமரி மாவட்டத்திலிருந்தே இந்தத் தடவை நிறையக் கடிதங்கள், அதிலும் முக்கால்வாசி நியூசிலாந்தைப் பற்றி. சினிமா ஷூட்டிங்கில் கேரவன் என்று நிற்குமே, படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி, அதை நாமே ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவதுதான் விஷயம். எங்கே போகலாம், எதைப் பார்க்கலாம் என்பதை இன்னொரு இதழில் பேசலாம். இந்தப் பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் முதல் இரண்டு நாளில்தான் என்பதால் இந்த இதழ் முழுக்க எப்படித் தொடங்குவது என்பது மட்டும்.

கேள்வி: அண்ணாச்சி, நாங்கள் நாலு பேர். பிள்ளைகளுக்கு ஒன்பதும் ஐந்தும் வயது. திருவனந்தபுரத்தில் ஏறி, சிங்கப்பூர் வழியாக, காலையில் கிரைஸ்ட்சர்ச்சில் இறங்குகிறோம். மத்தியானம் வண்டியை எடுத்துக்கொண்டு அன்றைக்கே டெகாபோ ஏரிக்குப் போய்விடலாம், மேப்பில் மூணு மணி நேரம்தான் காட்டுகிறது என்கிறார் இவர். போகலாமா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: வேண்டாம். நான் சொன்னதாகவே வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

ஏப்ரல் முதல் ஞாயிறுக்கு அப்புறம் நியூசிலாந்து நம்மைவிட ஆறரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே பதினோரு மணிக்கு நீங்கள் ஏர்போர்ட்டை விட்டு வெளியே வரும்போது உங்கள் உடம்புக்கு விடியற்காலை நாலரை. சிங்கப்பூரிலிருந்து மட்டும் சுமார் பத்து மணி நேரம், அதற்கு முன்னால் திருவனந்தபுரம் விமானம், நடுவில் காத்திருப்பு. வண்டியை வாடகைக்குக் கொடுக்கிற நிறுவனத்தின் டிப்போவில் பேப்பர் வேலை, வண்டியைக் காட்டிக் கொடுப்பது, பெட்டிகளைப் பிரித்து அடுக்குவது, வழியில் அரிசியும் பாலும் வாங்குவது என்று பார்த்தால் மணி நாலாகிவிடும். அந்த மாதத்தில் அங்கே ஆறு மணி சுமாருக்குப் பொழுது சாய்ந்துவிடும். டெகாபோ 225 கிலோமீட்டர், மேப் சொல்கிற மூணு மணி நேரம் கார் ஓட்டுகிறவருக்கு. தூக்கக் கலக்கத்தில், இருட்டில், பழகாத வண்டியில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எதற்கு? கனடாவில் பல வாடகை நிறுவனங்கள், நீண்ட விமானப் பயணம் முடிந்த அன்றைக்கு வண்டியைக் கொடுப்பதே இல்லை, ஒரு ராத்திரி தூங்கிவிட்டு வா என்று அனுப்பிவிடுவார்கள். நியூசிலாந்தில் கொடுப்பார்கள். கொடுக்கிறார்கள் என்பதற்காக எடுக்க வேண்டுமா என்ன.

இறங்கிய அன்றைக்கு ஏர்போர்ட் பக்கத்தில் ஒரு மோட்டலில் படுத்துத் தூங்குங்கள். டிப்போக்களும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. மறுநாள் காலையில் வண்டி. அதை எடுத்த அன்றைக்கும் கிரைஸ்ட்சர்ச்சுக்குள்ளேயே ஒரு ஹாலிடே பார்க்கில், அதாவது இந்த மாதிரி வண்டிகளை நிறுத்தித் தங்குகிற முகாமில், கரண்டு இணைப்பு உள்ள இடமாக எடுத்து நிறுத்துங்கள். இரண்டு ராத்திரி வீணாகிறதே என்று தோன்றும். தண்ணீர் பம்ப் ஓடவில்லை, ஹீட்டர் பிடிக்கவில்லை, கதவு சரியாகப் பூட்டவில்லை என்றால் டிப்போ பத்து நிமிடத் தூரத்தில் இருக்கும், ஆள் வந்து பார்ப்பார், முடியாவிட்டால் வண்டியையே மாற்றித் தருவார். ஏரிக்கரையில் குளிரில் நின்றுகொண்டு இதே விஷயத்தைப் போனில் இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருப்பதை நினைத்துப் பாருங்கள்.

டிப்போவில் வீடியோ போட்டுக் காட்டுவார்கள், அல்லது ஒருவர் வேகவேகமாகச் சொல்லிக்கொண்டே போவார். தலையாட்டிவிட்டு வராதீர்கள். கேஸை மூடித் திறப்பது, பம்ப் ஸ்விட்ச், ஹீட்டர், கழிவறை டேங்க்கை உருவுவது, மேஜையை இறக்கிப் படுக்கையாக்குவது எல்லாவற்றையும் உங்கள் கையால் ஒரு தடவை செய்து பாருங்கள், வீட்டுக்காரர் செய்யும்போது நீங்கள் போனில் வீடியோ எடுங்கள், ராத்திரி பத்து மணிக்கு அதுதான் கைகொடுக்கும். அப்புறம் வண்டியைச் சுற்றி நடந்து கண்ணாடி, டயர், கூரையின் மூலைகள், அடிப்பாகம் எல்லாவற்றையும் படம் எடுங்கள். கூரை மூலையை யாரும் பார்ப்பதில்லை, கீறல் இருப்பது அங்கேதான். வண்டியின் உயரம் எத்தனை மீட்டர் என்று கேட்டு ஒரு தாளில் பெரிதாக எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பெரிய வண்டிகள் மூணு மீட்டருக்கு மேல் இருக்கும், கார் பார்க்கிங் வாசலில் கட்டியிருக்கிற கம்பி அதைவிடத் தாழ்ந்து நிற்கும்.

மூன்றாம் நாள் காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் ஜெரால்டீனில் ஒரு டீ, மத்தியானம் டெகாபோ. அந்தப் பகுதி 2012-இலிருந்து இருண்ட வானக் காப்பிடம், விளக்கு வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறார்கள். தூங்கி எழுந்த கண்ணோடு பிள்ளைகள் அந்த நட்சத்திரங்களைப் பார்க்கட்டும்.

கேள்வி: என்னிடம் சாதாரண கார் லைசென்ஸ்தான் இருக்கிறது. அவ்வளவு பெரிய வண்டிக்கு அது போதுமா? சர்வதேச பெர்மிட் எங்கே வாங்குவது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மார்த்தாண்டம்

பதில்: போதும் சார். நியூசிலாந்தில் 6,000 கிலோ வரையுள்ள வண்டியைக் கார் லைசென்ஸில் ஓட்டலாம், வாடகை மோட்டார்ஹோம்கள் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். நம் கார்டு ஆங்கிலத்தில் இருப்பதால் சட்டப்படி அதுவே செல்லும். இருந்தாலும் சர்வதேச ஓட்டுநர் பெர்மிட் ஒன்று கையில் இருப்பது நல்லது. பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பித்து உங்கள் ஆர்டிஓ ஆபீஸிலேயே வாங்கலாம், கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். பாஸ்போர்ட் நகல் கேட்பார்கள். பெர்மிட்டை மட்டும் கொண்டுபோனால் செல்லாது, அசல் லைசென்ஸும் கூடவே இருக்க வேண்டும்.

ஓட்டப்போகிற ஒவ்வொருவர் பெயரும் வாடகை ஒப்பந்தத்தில் ஏற வேண்டும். பெயர் இல்லாதவர் ஓட்டி ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ் கிடையாது. மகனோ மருமகளோ கூட வந்தால் அவர்கள் பெயரையும் போட்டுவிடுங்கள், தினமும் ஒருவரே ஓட்டுவது அலுப்பு.

கேள்வி: அண்ணே, ஐரோப்பாவா நியூசிலாந்தா, முதல் தடவைக்கு எது சரி?
— வாசகர், குலசேகரம்

பதில்: முதல் தடவைக்கு நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து மூன்றில் ஒன்று. அங்கெல்லாம் நம்மைப் போல இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள். புது வண்டி, புது ஊர் இரண்டோடு ரோட்டில் பக்கமும் மாறினால் தாங்காது. பிரான்சும் இத்தாலியும் அடுத்த தடவைக்கு இருக்கட்டும்.

கேள்வி: நம் சாப்பாடு இல்லாமல் பிள்ளைகள் இரண்டு நாள்கூடத் தாங்க மாட்டார்கள். மார்த்தாண்டம் தேன், கருப்பட்டி, நெத்திலிக் கருவாடு, கறிவேப்பிலை, பால்கோவா எல்லாம் கொண்டுபோக நினைக்கிறேன். வண்டியில் மிக்ஸி ஓடுமா?
— வாசகி, தக்கலை

பதில்: தேனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள் அக்கா. நியூசிலாந்துக்குள் தேன் கொண்டுபோகவே கூடாது, அங்குள்ள தேனீக்களுக்கு வெளிநாட்டு நோய் வந்துவிடக்கூடாது என்று அவ்வளவு கண்டிப்பு. தேனீ வளர்க்கிற ஊர்ப்பக்கம் இருக்கிற நமக்கு அந்தக் கவலை புரியும். கறிவேப்பிலையும் பச்சைக் காய்களும் கூடாது. பால்கோவாவில் பால் இருப்பதால் சிக்கல்தான், விட்டுவிடுங்கள். கருவாடு அனுமதி கிடைத்தாலும் எடுக்காதீர்கள், அடைத்த வண்டிக்குள் அந்த வாசனை திரும்பி வருகிற வரை போகாது, படுக்கைத் துணியில் ஏறினால் சுத்தம் செய்யத் தனியாகப் பணம் கேட்பார்கள்.

கருப்பட்டி, மசாலாப் பொடி, ஊறுகாய், சிப்ஸ் போன்றவற்றைக் கடையில் சீல் போட்ட பாக்கெட்டாக, மேலே ஆங்கிலத்தில் பெயர் இருக்கிற மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமான விஷயம் இதுதான்: கிளம்பும் முன் நிரப்புகிற டிராவலர் டிக்ளரேஷன் படிவத்தில், அது இலவசம், சாப்பாட்டுப் பொருள் இருக்கிறதா என்ற கேள்விக்கு ஆம் என்று போட்டுவிடுங்கள். சொல்லிவிட்டுக் கொண்டுபோனால், கூடாத பொருளை எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடுவார்கள், அபராதம் இல்லை. சொல்லாமல் பையில் ஒரு ஆப்பிள் இருந்தாலும் அந்த இடத்திலேயே 400 டாலர் போடலாம். மண் ஒட்டிய செருப்பு, ஷூ இருந்தால் கழுவிக் காயவைத்து எடுத்துப் போங்கள், அதையும் பார்ப்பார்கள்.

மிக்ஸி விஷயத்துக்கு வருகிறேன். வண்டியில் இரண்டு வகைக் கரண்டு உண்டு. லைட், தண்ணீர் பம்ப், ஃபிரிட்ஜ் எல்லாம் வண்டிக்குள் இருக்கிற தனி பேட்டரியில் ஓடும், அது 12 வோல்ட், ஓட்டும்போது சார்ஜ் ஏறிக்கொள்ளும். சுவரில் இருக்கிற பிளக் பாயிண்ட் அப்படி இல்லை. ஹாலிடே பார்க்கில் நிறுத்தி, ஒயரை வெளியிலிருக்கிற கம்பத்தில் மாட்டினால்தான் அதில் கரண்டு வரும். அது நம் ஊர் மாதிரியே 230 வோல்ட் என்பதால் நம் மிக்ஸி ஓடும். பிளக் மட்டும் வேறு, சாய்ந்த பட்டைக் கம்பிகள், அதனால் ஒரு அடாப்டர் இங்கிருந்தே வாங்கிக்கொள்ளுங்கள். கரண்டு கிடைக்கிற ராத்திரியில் தேங்காய் அரப்பை மொத்தமாக அரைத்து டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டால் அடுத்த இரண்டு நாள் எங்கே நின்றாலும் மீன்குழம்பு உண்டு. உறைய வைத்த துருவல் தேங்காய் அங்குள்ள இந்தியக் கடைகளில் கிடைக்கும்.

மீன் பொரிப்பதையும் தாளிப்பதையும் வண்டிக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள், புகை அலாரம் கத்தும். ஹாலிடே பார்க்கில் பொதுச் சமையலறை இருக்கும், பெரிய அடுப்பு, தொட்டி, மேஜை எல்லாம் உண்டு. இன்னொரு சந்தோஷமான செய்தி. அங்கே சூப்பர்மார்க்கெட்டில் சிப்பி உயிரோடு கிடைக்கும், ஓரத்தில் பச்சை விளிம்பு உள்ள பெரிய வகை, தொட்டியில் தண்ணீர் தெளித்து வைத்திருப்பார்கள், நாமே பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம். கடியபட்டணம் சிப்பி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அதை எப்படி வைப்பது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வண்டிக்குள் இருக்கிற கழிவறையை யார் சுத்தம் செய்வார்கள்?
— வாசகர், குளச்சல்

பதில்: நீங்கள்தான். வெளிப்படையாகக் கேட்டது நல்லது. பலர் இதைக் கேட்காமல் போய், அருவருப்பில் வண்டியின் கழிவறையைப் பூட்டிவைத்துவிட்டு, ராத்திரி குளிரில் பொதுக் கழிவறைக்கு நடக்கிறார்கள்.

தொட்டிக்கு அடியில் கேசட் என்று ஒரு பிளாஸ்டிக் டேங்க், பதினெட்டு இருபது லிட்டர் கொள்ளும். வண்டியின் வெளிப்பக்கம் சின்னக் கதவைத் திறந்து, பூட்டை அழுத்தி இழுத்தால் முழுதாக வெளியே வந்துவிடும். சக்கரமும் கைப்பிடியும் இருக்கும், கழிவைக் கொட்டுகிற இடமான டம்ப் ஸ்டேஷன் வரை உருட்டிக்கொண்டு போகலாம். ஹாலிடே பார்க்கிலும் பல ஊர்களில் ரோட்டோரமாகவும் இது இருக்கும். கேசட்டின் குழாயை வெளியே திருப்பி, மூடியைக் கழற்றி, குழிக்குள் சாய்க்க வேண்டும். சாய்க்கும்போது காற்று போவதற்கான பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருங்கள், அதை அழுத்தாவிட்டால் குபுக் குபுக்கென்று அடித்துக் காலில் தெறிக்கும். காலியானதும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி இன்னொரு தடவை ஊற்றிவிட்டு, அவர்கள் தந்த மருந்தையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் உள்ளே விட்டு மூடிவிடலாம். கையுறை போட்டுக்கொண்டால் ஐந்து நிமிட வேலை. மருந்து இருப்பதால் நீங்கள் பயப்படுகிற அளவு நாற்றம் வராது.

கேசட் கழுவுகிற குழாயும் குடிதண்ணீர் பிடிக்கிற குழாயும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், எழுதிப்போட்டிருப்பதைப் படித்துவிட்டுத் திறங்கள். குடிதண்ணீர் ஹோஸை வேறு எதற்கும் தொடவே கூடாது. பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் இன்னொரு டேங்க்கில் சேரும், அதையும் இதே இடத்தில்தான் திறந்துவிட வேண்டும், ரோட்டில் விடக்கூடாது. நிரம்பும்வரை காத்திருக்காமல் ஒருநாள் விட்டு ஒருநாள் காலி செய்துவிடுங்கள், நிரம்பிய கேசட் நல்ல கனம். தம்பி, இந்த வேலையை ஆம்பிளைகள் எடுத்துக்கொள்ளுங்கள், சமையல் ஏற்கெனவே யார் தலையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

கேள்வி: கார் நன்றாக ஓட்டுவேன். மோட்டார்ஹோம் ஓட்டுவதில் என்ன வித்தியாசம்?
— வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: காற்று. உங்கள் ஊர்க்காரருக்கு விளக்குவது சுலபம்: ஆடி மாதம் முப்பந்தலில் பைக்கில் போகும்போது பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளுமே, சுவர் மாதிரி உயர்ந்த மோட்டார்ஹோமுக்குள் உட்கார்ந்திருக்கும்போதும் அதே தள்ளுதான். கிரைஸ்ட்சர்ச்சைச் சுற்றியுள்ள கேன்டர்பரி சமவெளியில் வடமேற்குக் காற்று பேர்போனது. காற்று பலமாக இருக்கும் என்று வானிலை சொன்னால் அன்றைக்கு ஓட்டாமல் இருந்துவிடுங்கள். நிறுத்தும்போது வண்டியின் மூக்கைக் காற்றுக்கு நேராக வையுங்கள், கதவைக் கையால் பிடித்துக்கொண்டே திறங்கள், பிள்ளைகளிடமும் சொல்லிவைக்க வேண்டும். காற்று கதவைப் பிடுங்கி எறிந்தால் கீல் போய்விடும், செலவு நம் தலையில்.

மற்றபடி, சில ஐரோப்பிய வண்டிகளில் இண்டிகேட்டர் இடது கைப்பக்கம் இருக்கும், முதல் நாள் முழுக்க நீங்கள் திரும்பும்போதெல்லாம் வைப்பர் ஆடும், பழகிவிடும். திறந்த ரோட்டில் உச்ச வேகம் 100, வண்டி 3,500 கிலோவுக்கு மேல் என்றால் 90. அந்த 90-க்கும் போகவேண்டிய அவசியமில்லை. பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழிவிடுங்கள், அதற்கென்றே ரோட்டோரத்தில் இடம் விட்டிருப்பார்கள். ஒரு வண்டி மட்டும் போகிற பாலங்கள் நிறைய வரும். சிவப்பு வட்டத்துக்குள் உங்கள் பக்கத்து அம்பு சின்னதாக, சிவப்பாக இருந்தால் நீங்கள் நிற்க வேண்டும், நீலப் பலகையில் உங்கள் அம்பு பெரிதாக, வெள்ளையாக இருந்தால் போகலாம், எதிரில் ஏற்கெனவே ஒருவர் பாலத்தில் ஏறியிருந்தால் அவர் இறங்கட்டும். ரிவர்ஸ் எடுக்கும்போது கேமரா இருந்தாலும் ஒருவர் இறங்கிப் பின்னால் நின்று மரக்கிளையையும் பார்க்க வேண்டும், கேமரா மேலே பார்க்காது.

கிளம்பும் முன் கரண்டு ஒயரைக் கழற்றியாயிற்றா, கேஸ் மூடியாயிற்றா, கூரை ஜன்னல் இறக்கியாயிற்றா, அலமாரி பூட்டியாயிற்றா. இதை வீட்டில் ஒருவர் வாய்விட்டுக் கேட்க, இன்னொருவர் தொட்டுப் பார்த்துப் பதில் சொல்லட்டும். அலமாரியை மறந்தால் முதல் வளைவிலேயே தட்டு, டம்ளர் எல்லாம் கீழே.

கேள்வி: ரோட்டோரத்தில் எங்கே வேண்டுமானாலும் இலவசமாக நிறுத்தித் தூங்கலாமாமே?
— வாசகர், கருங்கல்

பதில்: அப்படிச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். 2023-இல் சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். உள்ளே நிரந்தரமாகப் பொருத்திய கழிவறை இருந்து, அதற்குச் சான்றிதழ் வாங்கிய வண்டிதான் அனுமதித்த இடங்களில் இலவசமாக நிற்கலாம், பச்சை அட்டை கண்ணாடியில் இருக்கும். அப்போதும் போர்டைப் படிக்க வேண்டும். டிஓசி என்று சொல்கிற இயற்கைப் பாதுகாப்புத் துறையின் முகாம்கள் மலிவு, இடமும் அருமையாக இருக்கும். அவற்றை நாலாம் நாளிலிருந்து பாருங்கள், அதுவரை கரண்டும் வெந்நீரும் உள்ள இடம்.

கேள்வி: முன்பணம் எவ்வளவு பிடிப்பார்கள்? எல்லா இன்ஷூரன்ஸும் வாடகையில் சேர்ந்ததுதானே?
— லாட்ஜ் நடத்துபவர், கன்னியாகுமரி

பதில்: அடிப்படை இன்ஷூரன்ஸ் சேர்ந்தது. ஆனால் சேதம் வந்தால் முதல் சில ஆயிரம் டாலர் உங்கள் பொறுப்பு, அந்தத் தொகையை ஓட்டுநர் பெயரில் உள்ள கிரெடிட் கார்டில் பிடித்து வைப்பார்கள். வங்கியில் சொல்லி வெளிநாட்டு உபயோகத்தைத் திறந்து, வரம்பு போதுமா என்று இங்கிருக்கும்போதே பார்த்துவிடுங்கள். தினமும் கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் அந்தப் பொறுப்புத் தொகை குறையும், பழகாத வண்டிக்கு அதைக் கட்டுவதே என் கட்சி. அதைக் கட்டினாலும் கூரையிலும் அடியிலும் படுகிற அடி பல நிறுவனங்களில் சேராது, கையெழுத்துப் போடும் முன் அந்த இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். டீசல் வண்டிகளுக்கு ஓடிய கிலோமீட்டருக்கு ரோடு வரி உண்டு, திருப்பிக் கொடுக்கும்போது அதைத் தனியாக வசூலிப்பார்கள், ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துச் சண்டை போட வேண்டாம்.

கேள்வி: எங்களோடு அத்தையும் வருகிறார்கள், எழுபது வயது, முட்டுவலி உண்டு. ஆறு பேர் படுக்கிற வண்டி என்று போட்டிருக்கிறது. சரிப்பட்டு வருமா?
— மருமகள், சுசீந்திரம்

பதில்: ஆறு பேர் படுக்கலாம் என்றால் ஆறு பெரியவர்கள் நிம்மதியாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டிரைவர் தலைக்கு மேலே இருக்கிற படுக்கைக்கு ஏணி ஏற வேண்டும், அது பிள்ளைகளுக்கு. அத்தைக்குக் கீழ்ப் படுக்கை, அதிலும் தினமும் மேஜையை இறக்கிப் போடத் தேவையில்லாமல் நிரந்தரமாக இருக்கிற படுக்கை உள்ள வண்டியாகப் பாருங்கள். ஓடும்போது பெல்ட் உள்ள சீட்டில்தான் உட்கார வேண்டும், படுத்துக்கொண்டு வரக் கூடாது, அதனால் முன்சீட்டை அவர்களுக்குக் கொடுத்து ஒன்றரை மணிக்கு ஒருதரம் நிறுத்துங்கள். பிள்ளைகளில் யாருக்காவது ஏழு வயது ஆகவில்லை என்றால் குழந்தை சீட்டு கட்டாயம், புக் செய்யும்போதே சொல்ல வேண்டும். வாசல்படி உயரம், ஒரு சின்ன ஸ்டூல் டிப்போவில் கேட்டால் கொடுப்பார்கள்.

இதைவிட ஒரு நல்ல வழி சொல்கிறேன். ஹாலிடே பார்க்குகளில் வண்டி நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்திலேயே சின்னச் சின்ன கேபின்கள் உண்டு, சிலவற்றில் குளியலறையும் சேர்ந்தே இருக்கும். முதல் இரண்டு ராத்திரி அத்தைக்கும் அவர்களோடு ஒரு பிள்ளைக்கும் கேபின் எடுத்துக்கொடுங்கள், பகலெல்லாம் வண்டியில் ஒன்றாக இருக்கலாம். மூன்றாம் நாள் வண்டியில் படுக்கிறீர்களா, கேபினே போதுமா என்று அவர்களிடமே கேட்டு மீதி நாள்களை முடிவு செய்யுங்கள். ஏப்ரலில் நியூசிலாந்துக்காரர்களுக்கும் பள்ளி விடுமுறை வரும் என்பதால் அந்த முதல் இரண்டு ராத்திரிக்கான கேபினை மட்டுமாவது டிக்கெட் போடும்போதே புக் செய்துவிடுங்கள்.